காங்கேசன்துறை வளவில் ஒரு சித்திரை மாலை

தந்தை செல்வா என்று தமிழர் அழைக்கும் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் நினைவுநாளான கடந்த ஏப்ரல் 26 அன்று, யாழ்ப்பாணத்தில் உள்ள அவருடைய நினைவுத்தூபியில் மலர் வைத்து வணங்கிய பின்னர், அப்பாவையும் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு காங்கேசன்துறைக்குப் போனேன். தூபியடியில் நாம் நினைவுகூருவது நாடறிந்த தலைவரை. அவர் குடியிருந்த வளவின் முன்னால் நிற்கும்போது நினைவுக்கு வருபவர் எங்கள் ஊரவர் என்று அப்பா பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தது இம்முறைதான் எனக்கு விளங்கியது.

1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்த அவர், சிறு வயதிலேயே தாயாருடன் தெல்லிப்பழைக்கு வந்து, அங்குள்ள யூனியன் கல்லூரியில் படித்தவர். கொழும்பில் பெயர்பெற்ற வழக்கறிஞரான பின்னும், 1947இல் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட அவர் தெரிந்தெடுத்தது காங்கேசன்துறைத் தொகுதியைத்தான். 1949 டிசம்பரில் சமஷ்டி (கூட்டாட்சி) கொள்கையை முன்வைத்துத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய அவரை, 1952இல் இதே தொகுதி தோற்கடித்தது. நினைவுரைகளில் இதை விட்டுவிடக் கூடாது என்பது என் எண்ணம். சொந்த ஊர் கைவிட்ட பின்னரும் கொள்கையைக் கைவிடாமல் 1956இல் அதே மக்களிடம் மீண்டும் வந்து வென்றதில்தான் அவருடைய பொறுமையின் அளவு தெரிகிறது.

அப்பாவுக்கு நெருக்கமான நினைவு 1975. புதிய குடியரசு யாப்பைத் தமிழ் மக்கள் ஏற்கவில்லை என்பதை வாக்கால் காட்டவென 1972 ஒக்டோபரில் தந்தை செல்வா தம் பதவியைத் துறந்தார். இடைத்தேர்தலை அரசு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்து, 1975 பெப்ரவரி 6இல்தான் நடத்தியது. அப்போது அவர் பார்க்கின்சன் நோயால் தளர்ந்திருந்தார். செவிப்புலனும் முன்பே குன்றியிருந்தது. குரல் மிக மெல்லியதாக இருந்தபடியால், கூட்டத்தில் பிள்ளைகள் அழுதாலும் தாய்மார் வெளியே தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். அப்பா முதன்முதலாக வாக்களித்த அந்தத் தேர்தலில் அவர் 25,927 வாக்குகளைப் பெற்று, 16,470 வாக்குகள் பெரும்பான்மையால் வென்றார். இந்த இரண்டு எண்களையும் அப்பா எதையும் பார்க்காமல் சொல்லுவார்.

1990இல் போரால் நாங்கள் இடம்பெயர்ந்தபோது அந்த வாக்காளர்களின் ஊரே வெறுமையானது. இன்று திரும்பியிருப்பவர்கள் சிலர்; தம் காணிக்கு இன்னும் போக முடியாதவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் அவருடைய வளவின் முன்னால் நின்றபோது, எங்கள் சொந்த வளவை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பெரியம்மா பையிலிருந்து ஒரு மெழுகுதிரியையும் மூன்று சிட்டி விளக்குகளையும் எடுத்தார். அவர் கிறிஸ்தவர், நாங்கள் சைவர், இரண்டும் இருக்கட்டும் என்றார். கடற்காற்று திரியை நிற்க விடவில்லை. அப்பா வேலிக்கரையில் கிடந்த நான்கு சிரட்டைகளைப் பொறுக்கி வந்து, காற்று வரும் பக்கமாக ஒவ்வொன்றையும் சாய்த்து வைத்தார். நான்கும் எரிந்தன, எண்ணெய் வற்றும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம்.