கோட்டை மேல ஏறினா கோட்டையே தெரியலப்பா!

நேத்து ராத்திரிதான் திரும்பி வந்தேன், முட்டி ரெண்டும் இன்னும் கெஞ்சுது, ஆனா கடுப்பு ஆறுறதுக்குள்ள எழுதிடணும். மேகத்துக்கு நடுவுல ஒரு கல் கோட்டை கப்பல் மாதிரி மிதக்குற போட்டோ பாத்திருப்பீங்க, ஜப்பானோட மாச்சு பிச்சுன்னு தலைப்பு வேற போட்டிருப்பாங்க. டகேடா கோட்டை, ஹியோகோ மாகாணத்துல அசாகோங்கிற ஊர்ல இருக்கு.

ஹிமேஜியில ட்ரெயின் ஏறி தெராமாயேல மாறணும், அங்க கரன்ட் லைன் முடிஞ்சு டீசல் வண்டி. நான் டாய்லெட் போய்ட்டு வர்றதுக்குள்ள அது கிளம்பிடுச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல பெஞ்ச்ல குளிர்ல உக்காந்திருந்தேன், தப்பு என் மேலதான். மூடுபனி சீசன்ங்கிறதால ரூம் வாடகையும் எக்கச்சக்கம், அந்தக் காசுல ஒசாகாவுல ரெண்டு நாள் ஓட்டியிருப்பேன்.

விடியறதுக்கு முன்னாடியே ஸ்டேஷனுக்குப் பின்னாடி இருக்குற பாதையில ஏறினேன், மொபைல் டார்ச்தான் துணை, முக்கால் மணி நேரம் மூச்சு வாங்கிடுச்சு. மலை வெறும் 353 மீட்டர்தானேன்னு நெனச்சது தப்பு. டிக்கெட் 500 யென். மேல போய் நின்னா கீழ பூரா பஞ்சுக் கடல், சூப்பர்தான், ஆனா மிதக்குற கோட்டை எங்கடா? பக்கத்துல ட்ரைபாட் வச்சிருந்த ஒரு தாத்தா சிரிச்சுக்கிட்டே எதிர் மலையைக் காட்டினார். ரித்சுஉன்க்யோவாம், அந்த போட்டோவெல்லாம் அங்கருந்து எடுக்குறது! யாராச்சும் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம். (மருயாமா ஆத்துத் தண்ணி வெதுவெதுப்பா இருக்கு, விடியக்காலைல காத்து ஜில்லுன்னு ஆகிடுது, அதான் இந்தப் பனி.)

சரி, வந்த காசுக்குக் கல்லையாவது பாப்போம்னு சுத்தினேன். அங்கதான் கவுந்துட்டேன். தெற்கு வடக்கா 400 மீட்டர் கல் சுவர், சாந்து கீந்து ஒண்ணும் கெடையாது, அனோங்கிற ஊர்க் கொத்தனாருங்க பாணியில முரட்டுக் கல்லை அப்படியே அடுக்கினது, 400 வருஷம் தாண்டியும் நிக்குது. மொதல்ல 15ஆம் நூற்றாண்டுல யமனா சோசென்ங்கிற பிரபு கட்ட வச்சதா சொல்றாங்க, அப்புறம் ஓதகாகி குடும்பம் பல தலைமுறையா வச்சிருந்துச்சு. 1577ல, பின்னாடி ஜப்பானையே ஆண்ட ஹிதெயோஷியோட தம்பி ஹிதெனகா படையோட வந்தார், பக்கத்துல இகுனோ வெள்ளிச் சுரங்கம் இருக்கே, சும்மா விடுவாங்களா?

இப்ப நாம பாக்குற கல் வேலை கடைசித் தலைவர் அகமத்சு ஹிரோஹிதே காலத்துது. மனுஷன் படிப்புல ஆர்வமானவர், கைதியா ஜப்பானுக்குக் கொண்டுவந்த காங் ஹாங்ங்கிற கொரிய அறிஞருக்குக்கூட உதவியிருக்கார். ஜப்பான் யார் கைக்குன்னு முடிவு பண்ணின 1600 செகிகஹாரா சண்டையில தோத்த பக்கம் நின்னுட்டார், அப்புறம் ஜெயிச்சவங்களோட சேர்ந்து தொத்தோரி கோட்டையைத் தாக்கப் போனார், அங்க ஊரை எரிச்ச பழி இவர் தலையில விழுந்து செப்புக்கு, அதாவது தன் வயித்தைத் தானே கிழிச்சு உயிரை விடுறது, பண்ணிக்க வேண்டியதாப் போச்சு. இங்க வந்து 15 வருஷம்தான் ஆகியிருந்துச்சு. கோட்டையையும் கைவிட்டுட்டாங்க. கூரை, மரம் எல்லாம் போயி அவர் காலத்துக் கல்லு மட்டும் மிச்சம். எனக்கு அந்த மொட்டைச் சுவர்தான் ஹிமேஜியோட வெள்ளைக் கோட்டையை விட ரொம்பப் பிடிச்சிருக்கு, திட்டுறவங்க திட்டிக்கோங்க.

கீழ இறங்கி ஒரு சின்னக் கடையில இவாட்சு நெகி போட்ட உடான் நூடுல்ஸ். இந்த நெகி நம்ம ஊரு வெங்காயத்தாள் மாதிரிதான், ஆனா கை தண்டி, வாயில வச்சா இனிப்பா கரையுது. தஜிமா பீஃப் விலையைப் பாத்துட்டு மெனுவை மூடிட்டேன். சூப்பை மட்டும் கிண்ணத்தோட தூக்கிக் குடிச்சேன். எதிர் மலைக்கு டாக்ஸி விசாரிச்சேன், பர்ஸ் வேணாம்னுடுச்சு.

திரும்பி வரும்போது தெராமாயேல டாய்லெட் பக்கமே போகல.