எம்.ஜி.பி.யும் 14 மணி நேரமும்: பந்தய நாட்குறிப்பு

பிப்ரவரி 2

பந்தயத்துக்கென்று வாங்கிய எம்.ஜி.பி. என்னும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை இன்று உள்ளும் புறமும் கழற்றி முடித்தோம். 1970ஆம் ஆண்டின் கூரையில்லாத வண்டி. 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானதால் உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை. தனிச் சேசிஸ் கிடையாது, உடலே சட்டமாகவும் இருந்து பாரத்தைச் சுமக்கிறது என்பதால், கதவுக்கு அடியிலுள்ள சில் பகுதி துருவேறிவிட்டால் சாலைக்கு உதவாது என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். எங்களுக்கு அதுவே போதும். துருவேறியதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டைப் பற்றவைத்தால், வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் பாதுகாப்புக் கூண்டின் கால்களை ஊன்றவும் அந்த இடமே வாகாக அமைந்துவிடும்.

மலிவு வண்டிகளை மட்டுமே சேர்த்துக்கொள்ளும் இவ்வகைப் பந்தயம் பரவியதில், அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய ‘24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்’ போட்டிக்குப் பெரிய பங்கு உண்டு. வண்டியின் விலை 500 டாலரைத் தாண்டக் கூடாது, ஆனால் பாதுகாப்புக்குச் செலவழிப்பது அந்தக் கணக்கில் சேராது என்பது அதன் விதி. நாங்கள் கலந்துகொள்ளும் போட்டியும் இதே வழியைத்தான் பின்பற்றுகிறது. ஆகவே கூண்டு, இருக்கை, பெல்ட், தீயணைப்பு ஏற்பாடு எல்லாம் சேர்ந்தால் வண்டியின் விலை சில்லறையாகத் தெரிகிறது. அது சரியான ஏற்பாடே என்பது என் கருத்து.

பிப்ரவரி 16

பிரேக் வேலை. முன்சக்கரங்களுக்கு டிஸ்க், பின்சக்கரங்களுக்கு டிரம். பழைய பிரேக் ஆயிலை முழுவதும் வெளியேற்றிவிட்டுப் புதியதை ஊற்றினோம். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது; காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிய பிறகோ அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சாலையில் ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது. இரண்டு மணி நேரம் இடைவிடாமல் பந்தயத் தடத்தில் மிதிப்பவருக்கு மட்டும், ஒரு வளைவின் வாயிலில் ஆயில் கொதித்துக் குமிழியாகிப் பெடல் தரையோடு போய்ச் சேரும்போது அது விளங்கும்.

மார்ச் 9

ஓட்டுநர்கள் நால்வரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டை மாற்றினால் சுற்றுக்கு ஒரு வினாடி மிச்சமாகும் என்று தம்பி வாதாடினான். சனிக்கிழமை 8 மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை 6 மணி நேரம்; ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 நிமிடம் 10 வினாடி. எல்லாம் ஒழுங்காக நடந்தால் 350 சுற்றுகள் ஓடலாம். சுற்றுக்கு ஒரு வினாடி என்றால் மொத்தம் 350 வினாடி, அதாவது ஆறு நிமிடத்துக்கும் குறைவு. பெட்ரோல் ஊற்றி ஓட்டுநரை மாற்ற ஒருமுறை தடத்தோரப் பணியிடமான பிட்டுக்கு வந்தாலே அந்த ஆறு நிமிடமும் கரைந்துவிடும். இரண்டு நாள் முழுவதும் இஞ்சினைப் பிழிந்து சேர்க்கும் ஆதாயம், ஒரு தண்ணீர்க் குழாய் விரிசல்விட்டால் போயே போய்விடும்.

தம்பிக்கு இந்தக் கணக்கு ருசிக்கவில்லை. அவனுக்காக பிரான்ஸில் நடந்த 1963ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தை எடுத்துச் சொன்னேன். அங்கே ஓடிய எம்.ஜி.பி. தொடக்கத்திலேயே மணலில் புதைந்து, அதைத் தோண்டி எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும், 24 மணி நேர முடிவில் 12ஆம் இடத்தைப் பிடித்தது. 1966இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் நடந்த 84 மணி நேர ஓட்டத்தில் இதே வகை வண்டி முதலிடமே பெற்றது. வேகத்தால் கிடைத்த வெற்றிகள் அல்ல இவை. கேம் ஷாஃப்ட் பழையதாகவே இருக்கட்டும் என்றும், நிமிடத்துக்கு 6,000 சுழற்சி வரை தாங்கும் இஞ்சினை 5,000க்கு மேல் ஏற்றுவதில்லை என்றும் முடிவாயிற்று.

மார்ச் 21, வெள்ளி

வண்டிப் பரிசோதனை முடிந்தது. கூண்டின் பற்றவைப்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்கள். மின்துண்டிப்பு ஸ்விட்சை வெளியிலிருந்து இழுத்ததும் இஞ்சின் நிற்கிறதா என்று சோதித்தார்கள். அனுமதி ஒட்டுத்தாள் கிடைத்துவிட்டது.

மார்ச் 22, சனி இரவு

காலையில் நான்கு மணி நேரம் குறையின்றிக் கழிந்தது. பெட்ரோல் ஊற்றும்போது இஞ்சினை அணைத்து, ஓட்டுநர் இறங்கி, ஒருவர் தீயணைப்பானைக் கையில் பிடித்து நிற்க வேண்டும் என்பது விதி. எனவே அவசரப்பட்டும் பயனில்லை. தம்பி ஒரு வளைவில் சுழன்று புல்லில் இறங்கியதால் கறுப்புக் கொடி காட்டப்பட்டு, நடுவர்களிடம் விளக்கம் சொல்லித் திரும்ப ஒன்பது நிமிடம் போனது.

பிற்பகலில் என் முறை. வெப்பமானியின் முள் 85லிருந்து அசையாமல் நின்றது, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மயிரிழை ஏறிக்கொண்டே போயிற்று. 100ஐத் தொட்டபோது, வளைவிலிருந்து வெளியேறுகையில் இஞ்சின் சோம்பி இழுப்பதையும் உணர்ந்தேன். உள்ளே வந்தேன். ரேடியேட்டரைச் சொன்னார்கள், தெர்மோஸ்டாட்டைச் சொன்னார்கள், ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) கேஸ்கட் போய்விட்டது என்றும் ஒருவர் துக்கம் விசாரித்தார். எங்கள் மெக்கானிக் அண்ணன் எதையும் கேட்காமல், சிலிண்டர்களுக்குத் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினார். “தண்ணி குறையல, ஒழுகல. அப்புறம் சூடு எங்கேருந்து வருது? நெருப்புப் பக்கம் பாரு தம்பி,” என்றார்.

உள்ளே தட்டின்மேல் பழுப்புத் தூள் படிந்திருந்தது. திறந்ததும் தீப்பொறியை உண்டாக்கும் தொடுமுனையான பாயிண்டுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்காக வைத்த இடைவெளியில், இப்போது ஆயிரத்தில் 6 பங்கு தடிமனுள்ள அளவுத் தகடுகூட இறுக்கமாகத்தான் நுழைந்தது. டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவே சுழலும் கேமில் உரசிப் பாயிண்டைத் திறக்கும் குதி புதியதாக இருந்தும் தரமற்ற பொருளால் ஆனது, தேய்ந்து தூளாகிவிட்டது. குதி தேய்ந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், தீப்பொறியும் தாமதமாக வரும். எரிந்து முடியாத வாயு எக்ஸாஸ்ட் வால்வு திறந்த பின்னும் எரிந்துகொண்டே வெளியேறுவதால் அதன் சூடு முழுவதும் ஹெட்டில் இறங்கும். இந்த இஞ்சினில் 2, 3 ஆகிய சிலிண்டர்களுக்கு ஒரே எக்ஸாஸ்ட் வழிதான் என்பதால் நடுப்பகுதி மேலும் கூடுதலாகக் காயும்.

அண்ணன் பழைய டப்பாவிலிருந்து, எப்போதோ கழற்றி வைத்திருந்த பாயிண்டைத் துடைத்துப் பொருத்தினார். கேமில் துளி கிரீஸ் தடவி, இடைவெளியைச் சரிபார்த்து, தீப்பொறி வரும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டில் குறியைப் பார்த்து முடிக்கப் பதினெட்டு நிமிடம் ஆனது. அடுத்த சுற்றிலேயே முள் இறங்கத் தொடங்கிற்று.

மார்ச் 23, ஞாயிறு

கடைசி வரை ஓடியது. 341 சுற்றுகள், 61 வண்டிகளில் 29ஆம் இடம். எங்களைவிடச் சுற்றுக்கு பத்து வினாடி வேகமாகப் பறந்த வண்டிகளில் சில மதியத்துக்குள் கியர் பாக்ஸைத் திறந்துபோட்டுவிட்டு நின்றன. கடைசி ஒரு மணி நேரம் பெடல் சற்று நீண்டு இறங்கியதால், நேர்ச்சாலையின் முடிவில் முன்கூட்டியே காலை எடுத்து வண்டியை உருளவிட்டு, அதன்பின் பிரேக்கைத் தொட்டோம். சுற்றுக்கு மூன்று வினாடி நட்டம், பிரேக் பேட் மட்டும் மிஞ்சியது.

மார்ச் 30

ஹெட்டைக் கழற்றினோம். 2, 3ஆம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடங்களை ஒட்டி, நகத்தால் தடவினால் மட்டும் தட்டுப்படும் மெல்லிய வெடிப்பு. சனிக்கிழமைச் சூட்டின் வேலையாகத்தான் இருக்க வேண்டும். வேறு ஹெட் தேட வேண்டும்.

பாயிண்டை எடுத்துவிட்டு மின்னணு இக்னிஷன் பொருத்துவதா என்பதில் மாலை முழுவதும் சண்டை. தேய்வதற்கு அதில் எதுவுமில்லை என்கிறான் தம்பி. பாயிண்ட் கெடுவதற்கு முன் அறிகுறி காட்டும், தடத்தோரத்தில் கைவைத்துச் சரிசெய்யலாம், மின்னணுப் பெட்டியோ செத்தால் சொல்லாமல் சாகும் என்கிறார் அண்ணன். இருவர் சொல்வதும் உண்மை. மின்னணு முறையைப் பொருத்துவது, இடைவெளி வைத்து முடித்த பழைய டிஸ்ட்ரிபியூட்டர் ஒன்றை முழுதாக உதிரிப்பெட்டியில் வைப்பது, அதை மாற்ற எத்தனை நிமிடம் ஆகிறது என்று அடுத்த ஞாயிறு கடிகாரம் வைத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு.