விலகல் கடிதம் கடைசியில்தான்

மிஷன், அதாவது சபைக்காக ஊர் ஊராகப் போய்ச் செய்யும் முழுநேர ஊழியம், முடித்து வந்தபின் மார்மன் சபையில் விசுவாசம் போய்விட்டவர்கள் பலரும் வேலையைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். இரவு இரண்டு மணி வரை படித்து, விடியும் முன் விலகல் கடிதம் அனுப்பி, காலையில் அம்மாவிடம் சொல்லிவிடுகிறார்கள். சபை நடத்தும் கல்லூரியில் அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்ய முடியாது என்று தெரியும்போதுதான் தலையில் கை வைக்கிறார்கள். கடிதம் எழுத அரை மணி நேரம் போதும். அதற்கு முன்னால் முடித்துக்கொள்ள வேண்டிய வேலைகள் சிலருக்கு ஒரு வருடம் பிடிக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தை வைத்துத்தான். ப்ரோவோ மாதிரி ஊரில் சபை ஞாயிற்றுக்கிழமையோடு முடிவதில்லை. தெருக்கணக்கில் எல்லை பிரித்த கிளை அது, வார்டு என்பார்கள். அதன் தலைவரான பிஷப் சம்பளம் வாங்கும் ஆயர் இல்லை, பக்கத்துத் தெருவில் பல் டாக்டராகவோ கணக்காளராகவோ இருப்பவர். வீட்டு உரிமையாளர், முதலாளி, மாமனார் மூவரும் ஒரே சபையில் இருப்பது அங்கே சாதாரணம். சென்னையில் இந்தச் சபையில் இருப்பவர்களுக்குக் கடைசியில் வரும் கடிதப் பகுதி ஓரளவு பொருந்தும்.

சபையில் பிறந்து சும்மா வந்துபோனவருக்கும் மிஷன் போனவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மிஷன் ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். காலை 6.30க்கு எழ வேண்டும், இரவு 10.30க்கு விளக்கணைக்க வேண்டும், கம்பானியனை, அதாவது கூடவே இருக்கும் துணை மிஷனரியை, விட்டுத் தனியே எங்கும் போகக் கூடாது. 2019 பிப்ரவரி வரை வீட்டுக்குப் போன் போடுவதே கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான். செலவும் சொந்தப் பணம் அல்லது குடும்பத்துப் பணம்: அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு மாதம் 400 டாலராக இருந்தது, 2020 ஜூலையில் 500 ஆனது. இதெல்லாம் கஷ்டம்தான். ஆனால் பின்னால் கழுத்தைப் பிடிப்பது இது இல்லை, சாட்சி.

மிஷனரி ஒரு நாளில் பல முறை சாட்சி சொல்கிறார். அதுவும் 'நம்புகிறேன்' என்று இல்லை, 'இது உண்மை என்று அறிவேன்' என்று. சாட்சி கிடைப்பதே அதைச் சொல்லும்போதுதான் என்று சபையின் உயர்தலைவர்களில் ஒருவரான பாய்ட் பாக்கர் என்ற அப்போஸ்தலர் 1982இல் மிஷன் தலைவர்களிடம் பேசினார். இரண்டு வருடம் நாள் தவறாமல், அதுவும் புதிதாகக் கற்ற மொழியில், ஒரு வாக்கியத்தைச் சொன்னால் அது கருத்தாக இருப்பதில்லை, நாக்கில் ஊறிய பழக்கமாகிவிடுகிறது. அதனால்தான் மனது வெளியே வந்து ஆறு மாதமான பிறகும் ஒரு குறிப்பிட்ட பாட்டைக் கேட்டால் நெஞ்சு விம்முகிறது, 'ஒருவேளை உண்மைதானோ' என்று பயம் வருகிறது. பயப்பட ஒன்றுமில்லை. உடம்புக்கு மறக்க நாளாகும்.

இன்னொன்று, வீடு வீடாகப் போய் வாசலில் நின்று மிஷனரி மற்றவர்களுக்குக் கொடுத்த சோதனை. சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தில் மரோனி 10ஆம் அதிகாரம், 3 முதல் 5 வரை: படி, ஜெபி, உண்மை என்று ஆவியானவர் காட்டுவார். ஆம் என்று தோன்றினால் அதுதான் பதில். தோன்றாவிட்டால் உள்ளத்தில் உண்மை போதவில்லை, மறுபடி ஜெபி. இந்தச் சோதனையில் 'இல்லை' என்ற விடைக்கு இடமே கிடையாது. நூற்றுக்கணக்கானவர்களிடம் சொல்லும்போது கண்ணில் படாத ஓட்டை, தன் முறை வரும்போதுதான் படும்.

இந்தக் கட்டத்தில் உதவுவது ஒரு நோட்டுப் புத்தகம். மிஷனில் 'அறிவேன்' என்று சொன்னவற்றை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எப்படித் தெரிந்தது என்று ஒரே சொல்லில்: பார்த்தேன், படித்தேன், கேட்டேன், உணர்ந்தேன். பெரும்பாலும் கடைசிச் சொல்தான் நிறையும். அது பொய் என்று அர்த்தமில்லை. எது எந்த ரகம் என்று தெரிந்துகொள்வதற்குத்தான் இந்த வேலை.

விடை கிடைக்காத கேள்விகளை 'ஷெல்ஃபில் வைப்பது' என்று அங்கே சொல்வார்கள். நம் பேச்சில் பரணில் போடுவது. ஒருநாள் பாரம் தாங்காமல் பரண் இறங்கிவிடும். இறக்குவது அநேகமாகச் சபையே எழுதியதுதான், எதிரிகள் எழுதியது இல்லை. 2013 முதல் 2015 வரை சபையின் தளத்தில் வெளியான கட்டுரைகளில் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் பல பெண்களை மணந்தது இருக்கிறது. அவர்களில் ஒரு பெண்ணுக்கு 15 வயது நிறையச் சில மாதங்கள் இருந்தன என்பதும் இருக்கிறது. 1967இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்திலிருந்து சபைக்குத் திரும்பி வந்த பாபிரஸ் துண்டுகளில் இருப்பது எகிப்தியச் சவச்சடங்கு வாசகம்தான், பாபிரஸிலிருந்து மொழிபெயர்த்ததாக ஸ்மித் சொன்ன ஆபிரகாம் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதும் இருக்கிறது. தொப்பிக்குள் கல்லைப் போட்டு முகத்தைப் புதைத்துக்கொண்டு ஸ்மித் மார்மன் புத்தகத்தை மொழிபெயர்த்தது அங்கேயே உண்டு. அந்தக் கல்லின் படத்தைச் சபை 2015 ஆகஸ்டில் வெளியிட்டது. இதையெல்லாம் கேள்விப்பட்ட ஒருவர் வாசலில் நின்று கேட்டபோது, 'அது எதிரிகள் பரப்பும் பொய்' என்று மனதார மறுத்து அனுப்பிய மிஷனரிக்குத்தான் இந்தக் கட்டுரைகள் அதிகம் வலிக்கும்.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை ஒன்று. ராத்திரி முழுக்கப் படித்ததை அப்படியே மனைவியிடமோ கணவரிடமோ கொட்டுவது, எண்பது பக்கத்தை அனுப்பி 'படித்துவிட்டுப் பேசு' என்பது. உங்களுக்கு ஆறு மாதத்தில் ஆனது அவருக்கு ஒரே இரவில் ஆக வேண்டும் என்கிறீர்கள். அவர் காதில் விழுவது வரலாறு இல்லை, 'நான் இந்தக் கல்யாணத்தை விட்டுப் போகிறேன்' என்பதுதான். கல்யாணம் சபையின் கோவிலில் நித்தியத்துக்கும் முத்திரையிடப்பட்டது. ஒருவர் வெளியேறினால் அந்த நித்தியம் அறுகிறது என்பது அவருடைய நம்பிக்கை. முதல் பேச்சில் மூன்று விஷயம் போதும்: எனக்குப் பழையபடி நம்ப முடியவில்லை, உன்னை விட்டுப் போகவில்லை, நீ சபைக்குப் போவதைத் தடுக்க மாட்டேன். ஆதாரம் அவர் கேட்டால் மட்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்று. பிள்ளைகள் இருந்தால் எட்டாவது பிறந்தநாளுக்கு முன்னால் பேசி முடித்துவிடுங்கள். எட்டு வயதில் ஞானஸ்நானம். தேதி நெருங்கிய பிறகு எடுக்கும் எந்த முடிவும் சண்டையில்தான் முடிகிறது.

அடுத்து கல்லூரி. சபை நடத்தும் ப்ரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் படிப்பவர் ஒவ்வோர் ஆண்டும் பிஷப்பிடம் ஒப்புதல் வாங்க வேண்டும். அது போனால் படிப்பும் போச்சு. வேடிக்கை என்னவென்றால், சபையில் சேராத கத்தோலிக்கரோ முஸ்லிமோ அங்கே படிக்கலாம், கட்டணம்தான் அதிகம். சபையில் இருந்து முறைப்படி விலகியவருக்கு இடமில்லை. எனவே வழி இரண்டுதான். ஒன்று, பட்டம் கையில் வரும்வரை வாயை மூடிக்கொண்டு ஞாயிறு இரண்டு மணி நேரம் போய்வருவது. மற்றது, யூட்டா பல்கலைக்கழகத்துக்கோ யூட்டா வேலி பல்கலைக்கழகத்துக்கோ மாறிக்கொள்வது. மாறுவதென்றால் இடம் உறுதியாகி, எந்தெந்தப் பாடங்களை ஏற்கிறார்கள் என்று எழுத்தில் வரும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள். மதப் பாடங்களுக்கு வாங்கிய கிரெடிட் பொதுவாகப் பட்டத்துக்குப் பயன்படாது. ஒரு பருவம் கூடுதலாக ஆகும் என்று முன்கூட்டியே கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. நடிப்பது கேவலமாகத் தோன்றும். மூன்று வருடப் படிப்பை ஒரு பிஷப்பின் மனநிலையிடம் அடகு வைப்பது அதைவிட மோசம் என்பது எங்கள் கருத்து. சபையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்கும் இதே கணக்கு; அவர்களிடம் செல்லுபடியாகும் கோவில் அனுமதி இருக்க வேண்டும்.

அந்த அனுமதி அட்டை, அதாவது டெம்பிள் ரெகமெண்ட், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. பிஷப் ஒரு பேட்டி, பல வார்டுகளுக்குத் தலைவரான ஸ்டேக் பிரசிடென்ட் ஒரு பேட்டி. சபைத் தலைவரைத் தீர்க்கதரிசியாக ஏற்கிறீர்களா, தசமபாகம் முழுவதும் கொடுக்கிறீர்களா, காபி, டீ, மது, புகையிலை தவிர்க்கிறீர்களா, இதெல்லாம் கேள்வி. இது காலாவதியாகும் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அது எப்போது இடிக்கும் என்றால், தங்கைக்கோ தம்பிக்கோ கல்யாணம் நிச்சயமாகும்போது. அட்டை இல்லாதவர் முத்திரையிடும் அறைக்குள் போக முடியாது. பெற்றவரே ஆனாலும் வெளியே காத்திருக்க வேண்டியதுதான். 2019 மே வரை, வெளியே ஊரறியக் கல்யாணம் செய்துகொண்டு பிறகு கோவிலில் முத்திரையிட அமெரிக்காவில் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. எனவே தங்கையிடம் 'முதலில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒரு கல்யாணம் வைத்துக்கொள்ளேன்' என்று கேட்கலாம். ஒரே முறை கேளுங்கள். கல்யாணம் அவளுடையது.

பணம். தசமபாகம் நின்றதும் வருமானத்தில் பத்தில் ஒன்று மிஞ்சும். கொடுத்ததைத் திரும்ப வாங்கலாம் என்று கனவு வேண்டாம்: ஒரு பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை பல லட்சம் டாலருக்குத் தொடுத்த வழக்கையே ஒன்பதாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் தள்ளிவிட்டது. முதலீட்டு விவரங்களை வெளியிட்ட விதத்துக்காக 2023 பிப்ரவரியில் சபையும் அதன் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து 50 லட்சம் டாலர் அபராதம் கட்டின. அது அரசுக் கட்டுப்பாட்டு அமைப்போடு முடிந்த விஷயம், உறுப்பினர் கைக்கு எதுவும் வரவில்லை. மிஞ்சும் அந்தப் பத்தில் ஒன்றை ஒரு வருடம் தனிக் கணக்கில் போட்டு வைப்பதே நல்லது. வீடு மாற, கல்லூரி மாற, மனநல ஆலோசகரைப் பார்க்க அந்தப் பணம்தான் கைகொடுக்கும். ஆலோசகர் என்றால் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்: கட்டணத்தை யார் தருகிறார்கள், நான் சொல்வதில் ஏதாவது என் பிஷப்புக்குப் போகுமா? கட்டணத்தை வார்டு தருகிறது என்றால் வேறு ஆளைப் பாருங்கள். ராத்திரியில் உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அமெரிக்காவில் எங்கிருந்தும் 988 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள்.

சின்ன விஷயம் போலத் தெரிவது உள்ளாடை. கோவில் சடங்கு எடுத்தவர்கள் இரவு பகலாக அணியும் வெள்ளைக் கார்மென்ட்டின் மார்பிலும் தொப்புளருகிலும் முழங்காலிலும் சிறு குறிகள் தைத்திருக்கும். வருடக்கணக்காக அதைத் தவிர எதுவும் போட்டறியாதவருக்குக் கடையில் தன் அளவே தெரியாது. மூன்று மட்டும் வாங்கிப் போட்டுப் பாருங்கள். முதல் வாரம் சட்டை நேரே தோலில் உரசும், குளிரும், ஏதோ மறந்து வந்த மாதிரி கை அடிக்கடி தொடைக்குப் போகும். பழையதை என்ன செய்வது? குறிகளை வெட்டி அழித்து, மீதித் துணியை இன்னதென்று தெரியாதபடி துண்டாக்க வேண்டும் என்பது சபையின் விதி. நம்பிக்கை போனவருக்கு அது கட்டாயமில்லை. ஆனாலும் குப்பைத் தொட்டியில் அப்படியே கிடப்பதை அம்மா பார்த்தால் அது ஆறாது. கத்திரிக்கோல் பத்து நிமிட வேலை.

காபியில் பிரச்சினை இல்லை, மாலை நாலு மணிக்கு மேல் குடிக்காமல் இருந்தால் போதும். மதுவில் கவனம் வேண்டும். 25 வயதில் முதல் முறையாகக் குடிப்பவருக்கு எவ்வளவில் நிறுத்துவது என்று உடம்பு சொல்லித்தந்திருக்காது. யூட்டாவில் வண்டி ஓட்ட ரத்தத்தில் மது வரம்பு 0.05 சதவீதம், மற்ற மாநிலங்களில் 0.08. ஒன்று குடித்தாலும் சாவியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் நினைவு வரும். பிலிப்பைன்ஸிலோ பிரேசிலிலோ தன் பேச்சைக் கேட்டுச் சேர்ந்த ஒரு குடும்பம் இன்னும் ஞாயிறுதோறும் போய்க்கொண்டிருக்கும். எல்லோருக்கும் ஒரே மன்னிப்புச் செய்தி அனுப்பத் துடிப்பார்கள். அனுப்பாதீர்கள். அது மறுபடியும் வாசலில் போய் நின்று உண்மையைச் சொல்லிவிட்டு வருகிற அதே மிஷனரி வேலை. அவர்களாகக் கேட்டால், அப்போது ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இவ்வளவும் ஆன பின் கடிதம். சபைக் கணக்கு மூடும் முன் நான்கைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள்: காணிக்கை விவரம் (இது வருமான வரிக்கு வேண்டும்), முற்பிதா ஆசீர்வாதப் பிரதி (சபை மூப்பர் உங்களுக்கென்று சொல்லி எழுதிவைத்த ஆசீர்வாதம்), மிஷன் தேதிகள், நீங்களே ஏற்றிய குடும்பப் படங்கள். கடிதத்தில் முழுப்பெயர், பிறந்த தேதி, முகவரி, தெரிந்தால் உறுப்பினர் எண். பிறகு நான்கே வாக்கியம்: நான் விலகுகிறேன், விளைவுகள் தெரியும், யாரும் வீட்டுக்கு வந்து பேச வேண்டாம், பதிவு நீங்கியதை எழுத்தில் தெரிவியுங்கள். காரணம் எழுதாதீர்கள், ஒரு வரிகூட. காரணம் எழுதினால் பதில் பேச ஒரு ஆள் வருவார்.

பிஷப்பிடம் கையெழுத்திட்டுக் கொடுப்பது ஒரு வழி. அவரைப் பார்க்க விருப்பமில்லாதவர்கள் நோட்டரி சான்றோடு தலைமையகத்துக்கு நேரே அனுப்பலாம். கையெழுத்தை வீட்டில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். நோட்டரி முன்னால் போடுங்கள், அடையாள அட்டையில் இருக்கும் பெயரே கடிதத்திலும் இருக்கட்டும். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாறிய பெண்கள் பழைய பெயரையும் சேர்த்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் பதிவைத் தேடுவதில் இழுத்தடிக்கும். வயது வந்தவர்கள் ஆளுக்கொரு கையெழுத்து. 18க்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். சர்டிஃபைட் மெயிலில் அனுப்பி, கையொப்பம் வாங்கித் திரும்பி வரும் பச்சை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

உறுதிக் கடிதம் வந்தபிறகும் வார்டிலிருந்து யாராவது தட்டில் பிஸ்கட்டோடு வந்து நிற்பார்கள். பழைய பட்டியலில் பெயர் இருந்திருக்கலாம், இல்லை நிஜமாகவே அக்கறையாகவும் இருக்கலாம். பிஸ்கட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பேச்சு சபைப் பக்கம் திரும்பினால் கடித நகலைக் காட்டி, பதிவு நீங்கிய தேதியைச் சொன்னால் போதும். தட்டை மறக்காமல் கழுவித் திருப்பிக் கொடுங்கள்.