டிஸ்டார்ஷனுக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன?

கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடல்களை அடுக்கி வைக்கிற பெடல் போர்டு என்று பேச்செடுத்தாலே ஆளாளுக்கு ஒரே வரிசையைத்தான் ஒப்பிப்பார்கள்: ட்யூனர், கம்ப்ரஸர், வா-வா, ஓவர்டிரைவ், கோரஸ், டிலே, ரிவர்ப். வரிசையில் குற்றம் ஒன்றும் இல்லை. ஏன் அப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். காரணம் பிடிபட்டுவிட்டால் வரிசையை மனப்பாடம் செய்யவே வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: டிஸ்டார்ஷனுக்கு, அதாவது ஒலியைக் கரகரப்பாக்கும் பெடலுக்கு, முன்னால் எது இருக்கிறது, பின்னால் எது இருக்கிறது?

ஈக்யூவையும் (ட்ரெபிள், பாஸைக் கூட்டிக் குறைப்பது) டிலேயையும் (எதிரொலி தருவது) எடுத்துக்கொள்ளுங்கள். எதை முதலில் வைத்தாலும் ஏறக்குறைய ஒரே ஒலிதான் வரும். ட்ரெபிளைக் குறைத்துவிட்டு எதிரொலி எடுத்தாலும், எதிரொலி எடுத்துவிட்டு ட்ரெபிளைக் குறைத்தாலும் காதுக்கு வந்து சேருவது ஒன்றே. இரண்டும் உள்ளே வருகிற ஸ்வரங்களை ஒன்றோடொன்று கலப்பதில்லை. கரகரப்பு தரும் ஃபஸ், ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் மூன்றும் கலக்கும். அவை அலையின் உச்சியை வெட்டுகின்றன. டயோடு வைத்த சர்க்யூட்டில் சிலிக்கன் என்றால் சுமார் 0.6 வோல்ட்டில், ஜெர்மேனியம் என்றால் சுமார் 0.3 வோல்ட்டில். அப்படி வெட்டும்போது உள்ளே வந்த அதிர்வெண்களின் கூட்டலிலும் கழித்தலிலும் புதிய ஒலிகள் பிறக்கின்றன. மிக்ஸியில் அரைத்த பிறகு தேங்காயையும் மிளகாயையும் பிரிக்க முடியாது அல்லவா, அதே கதைதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஓப்பன் ஏ கம்பி 110 ஹெர்ட்ஸ். டி கம்பியில் இரண்டாவது ஃப்ரெட் ஏறத்தாழ 165. அதாவது ஸவும் பவும். இரண்டுக்கும் வித்தியாசம் 55, அதுவும் ஸதான், ஒரு ஸ்தாயி கீழே. ஸவும் பவும் மட்டும் சேர்ந்த பவர் கார்டு ஃபஸ்ஸில் அவ்வளவு கம்பீரமாக ஒலிப்பதற்கு இதுவே காரணம்; நாம் வாசிக்காத கீழ் ஷட்ஜத்தைப் பெடலே சேர்த்துக் கொடுக்கிறது. இப்போது பஞ்சமத்துக்குப் பதில் அந்தர காந்தாரத்தை வையுங்கள். கிட்டார் ஃப்ரெட்டில் அது 138.6. வித்தியாசம் 28.6. காந்தாரம் சுத்தமாக 137.5-இல் நின்றிருந்தால் வித்தியாசம் 27.5, இரண்டு ஸ்தாயி கீழே ஷட்ஜத்தில் போய் அழகாக உட்கார்ந்திருக்கும். ஃப்ரெட் அதற்கு இடம் கொடுக்காது. அதனால்தான் மேஜர் கார்டை ஃபஸ்ஸில் அடித்தால் அடியில் ஏதோ உறுமுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் டிலே எங்கே போக வேண்டும் என்பது தானாக விளங்கும். ஃபஸ்ஸுக்கு முன்னால் டிலே இருந்தால், போன ஸ்வரத்தின் எதிரொலியும் இப்போது வாசிக்கிற ஸ்வரமும் சேர்ந்தே ஃபஸ்ஸுக்குள் நுழைகின்றன. நாம் ஸ வாசித்து அடுத்து சுத்த ரிஷபத்துக்குப் போனால், ஃபஸ்ஸைப் பொறுத்தவரை அது 110-ம் 116.5-ம் சேர்ந்த ஒரு கார்டு. வித்தியாசம் ஆறரை ஹெர்ட்ஸ், வெறும் நடுக்கம். போதாக்குறைக்கு, வெட்டுகிற பெடல் சத்தத்தைச் சமன்செய்துவிடுவதால், தேய்ந்து மறைய வேண்டிய எதிரொலி மூல ஸ்வரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு நிற்கும். டிலே பின்னால் இருந்தால் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக ஃபஸ் ஆகி, தனித்தனியாக எதிரொலித்து, ஒழுங்காகத் தேயும்.

எங்கள் பேண்டில் இரண்டாவது கிட்டார் வாசிக்கிற தம்பி போன வாரம் ஜாம் ரூமில் கேட்டான்: "அண்ணா, ட்யூனர்தானே எப்பவும் ஃபர்ஸ்ட்டு? உங்க போர்டுல மட்டும் ஏன் ஃபஸ்ஸுக்கு அப்புறம் இருக்கு?"

நல்ல கேள்வி. என்னுடையது ஃபஸ் ஃபேஸ் வகை. 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் கம்பெனி கொண்டுவந்த சர்க்யூட். உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், இரண்டு நாப். அவ்வளவுதான். அதன் இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்கு அது காட்டும் மின்தடை) சில கிலோ ஓம் அளவுதான். ஆம்ப்பின் இன்புட்டோ வழக்கமாக ஒரு மெகா ஓம். இவ்வளவு குறைவாக இருப்பதால் பிக்கப்பின் சுருளும் கிட்டாரின் வால்யூம் நாப்பும் ஃபஸ் சர்க்யூட்டின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகின்றன. கிட்டாரில் வால்யூமைப் பத்திலிருந்து ஏழுக்கு இறக்கினால், கரகரப்பு வடிந்து கண்ணாடி மாதிரி ஒரு க்ளீன் டோன் வரும். ஃபஸ் ஃபேஸை நான் விடாமல் வைத்திருப்பதே அந்த ஒரு டோனுக்காகத்தான். நடுவில் பஃபர் (சிக்னல் வழியில் தேயாமல் கடத்தித் தரும் சின்ன சர்க்யூட்) உள்ள ட்யூனர் நுழைந்தால் பிக்கப்புக்கும் ஃபஸ்ஸுக்கும் உள்ள அந்தத் தொடர்பு அறுந்துபோகும். ஒலி மெலிந்து எரிச்சலாகும், வால்யூமைக் குறைத்தாலும் க்ளீன் ஆகாது. அதனால் ஃபஸ் முதலில், பஃபர் அப்புறம்.

பஃபரே கெட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை. கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கெபாசிட்டன்ஸ் உண்டு. ஆறு மீட்டர் கேபிள், போர்டில் பேட்ச் கேபிள்கள், அங்கிருந்து ஆம்ப்புக்கு இன்னொரு ஆறு மீட்டர் என்றால் ட்ரெபிள் வழியிலேயே கரைந்துவிடும். ஃபஸ்ஸைத் தாண்டியதும் ஒரு நல்ல பஃபர் கட்டாயம் வேண்டும்.

பாதத்தால் அசைத்து ஒலியை 'வா-வா' என்று பேச வைக்கும் வா-வாவுக்கும் ஃபஸ்ஸுக்கும்தான் தீராத பகை. 1969-இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வைத்திருந்தது வா-வா, ஃபஸ் ஃபேஸ், யூனி-வைப் (சுழல்வது போன்ற ஒலி தரும் பெடல்) என்ற வரிசை. அதையே நாமும் வைத்தால், ஃபஸ்ஸின் குறைந்த இம்பீடன்ஸ் வா-வாவை அமுக்கிவிடும். பாதத்தை எவ்வளவு அசைத்தாலும் ஸ்வீப் பாதிதான் கேட்கும், சில சமயம் ஊளையே இடும். இதற்கு நான் வைத்திருக்கும் தீர்வு, ட்ரூ பைபாஸ் (அணைத்தால் சிக்னலை அப்படியே கடத்திவிடும்) வா-வாவின் உள்ளேயே அவுட்புட்டில் ஒரு சின்ன பஃபர். வா-வாவை மிதித்தால்தான் பஃபர் சர்க்யூட்டுக்குள் வரும். அணைத்திருக்கும்போது பிக்கப் நேராக ஃபஸ்ஸிடம் போய்விடும். ஃபஸ்ஸுக்குப் பின்னால் வா-வாவை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஸ்வீப் பிரமாண்டமாக இருக்கும், ஆனால் மனிதக் குரல் போய் சிந்த்தஸைசர் ஆகிவிடுகிறது.

சென்னையில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சில ஃபஸ்களில் இருக்கும் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டரின் லீக்கேஜ் கரண்ட் (கசியும் மின்னோட்டம்), வெப்பம் ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் இரட்டிப்பாகும். மே மாதம் மொட்டைமாடி நிகழ்ச்சியில் பயாஸ் (டிரான்சிஸ்டரின் இயங்குநிலை) நகர்ந்துபோய் ஸ்வரம் நடுவிலேயே அறுபடும். பிசி108 என்ற சிலிக்கன் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சுலபம். கம்ப்ரஸரை (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது) டிரைவுக்கு, அதாவது கரகரப்புப் பெடலுக்கு, பின்னால் வைத்தால் டிரைவின் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கும், ஆகவே முன்னால். நாய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைப்பது) டிரைவுக்குப் பின், டிலேக்கு முன். கடைசியில் வைத்தால் எதிரொலியின் வாலை நறுக்கிவிடும். வால்யூம் பெடல் டிரைவுக்கு முன்னால் என்றால் கரகரப்பைக் குறைக்கும், பின்னால் என்றால் சத்தத்தை மட்டும் குறைக்கும். டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடல்கள் வெட்டுவதற்கு முன்பே 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பாஸைத் தணித்துக்கொள்வதால்தான், கெயின் ஏற்றிய ஆம்ப்புக்கு முன்னால் அவற்றை வைத்தால் தடித்த கம்பிகள் குழையாமல் இறுக்கமாக ஒலிக்கின்றன.

ஒலியை அலை அலையாகச் சுழற்றும் ஃபேஸரில் இரண்டு கட்சி உண்டு. கிட்டார் கலைஞர் எடி வான் ஹேலன் ஃபேஸ் 90 என்ற ஃபேஸரை முறுக்கிவிட்ட மார்ஷல் ஆம்ப்புக்கு முன்னால் வைத்தார். ஸ்வீப் சோலோவுக்குள் இழையோடும். டிரைவுக்குப் பின்னால் வைத்தால் வெட்டுப்பட்ட அலையின் அத்தனை ஹார்மானிக்ஸையும் அது வாரிக்கொண்டு போகும், ஜெட் விமானம் இறங்குகிற சத்தம். நான் எடி கட்சி.

ரிவர்ப் (பெரிய அறையில் வாசிப்பது போன்ற முழக்கம்) கடைசியில் என்பதும் சட்டம் அல்ல. மை பிளடி வேலன்டைன் என்ற ராக் பேண்டின் கெவின் ஷீல்ட்ஸ் யமஹா எஸ்பிஎக்ஸ்90 என்ற எஃபெக்ட் கருவியின் ரிவர்ஸ் ரிவர்பை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் கொண்டுவந்தார். ஸ்வரங்கள் எல்லாம் ஒன்றாகக் கரைந்து ஒரு பெருஞ்சுவராக எழ வேண்டும் என்று அவர் விரும்பினார். அதற்கு அந்த இடம்தான் சரி. தனித்தனி ஸ்வரம் தெளிவாகக் கேட்க வேண்டிய பாட்டுக்கு அது ஆகாது.

உங்கள் கரகரப்பு பெடலில் இருந்து வராமல் ஆம்ப்பின் ப்ரீஆம்ப்பிலிருந்தே (உள்ளே இருக்கும் முதல் பெருக்கி) வருகிறதென்றால், போர்டில் டிலேயை எங்கே நகர்த்தினாலும் அது டிஸ்டார்ஷனுக்கு முன்னால்தான் இருக்கிறது. ஆம்ப்பின் பின்பக்கம் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் இருக்கிறதா பாருங்கள். டிலேயையும் ரிவர்பையும் அங்கே செருகுங்கள்.