லைசென்ஸ் ஃபைல்

"கோடு கிட்ஹப்ல எல்லாரும் பாக்கற மாதிரி இருக்கே அண்ணா, அப்போ யார் வேணா எடுத்துக்கற ஓப்பன் சோர்ஸ்தானே? கிளையன்டுக்கு வித்துடலாமே?"

தரமணி டீக்கடையில் டீமுக்குப் புதிதாக வந்த தம்பி கேட்டான். சர்வர்களைக் கோடு எழுதியே அமைக்க உதவும் டெராஃபார்ம் என்ற டூல் பற்றித்தான் பேச்சு.

லைசென்ஸ் ஃபைலைத் திறக்கச் சொன்னேன். டீ ஆறுகிற வரை ஒரே போனில் இருவரும் படித்தோம்.

2023 ஆகஸ்டில் டெராஃபார்ம் பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸுக்கு மாறியது. கோடைப் பார்க்கலாம், திருத்தலாம், நம் சர்வரில் நம் வேலைக்கு ஓட்டலாம். அதை வைத்தே, அதை வெளியிடும் நிறுவனத்துக்குப் போட்டியாகச் சேவை விற்கக் கூடாது.

'சேஞ்ச் டேட்' வரியில் அவன் விரல் நின்றது. வெளியான 4 ஆண்டுகளில் அந்த வெர்ஷன் எம்பிஎல் 2.0 என்ற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸுக்கு மாறிவிடும்.

கதவு திறந்திருப்பதும் வீடு நம்முடையதாக இருப்பதும் ஒன்றல்ல. இதைக் கல்லூரியிலேயே சொல்லித் தர வேண்டும்.

"சரிண்ணா, மத்த டூல்களையும் பாத்துடறேன்" என்றான். ராத்திரி 9 மணிக்கு லிஸ்ட் வந்துவிட்டது.