எடை ஏறியது தைராய்டாலா, மெனோபாஸாலா?

48 வயதில் மாதவிலக்கு தாறுமாறாகிவிட்டது. இரண்டு மாதம் வராது, அடுத்த மாதம் கொட்டித் தீர்க்கும். கூடவே எடையும் ஏறியது, கிட்டத்தட்ட ஒன்பது கிலோ. யாரிடம் சொன்னாலும் "இந்த வயசுல அப்படித்தான்" என்று முடித்துவிட்டார்கள். என்னை உறுத்தியது குளிர்தான். ராத்திரி திடீரென்று வியர்த்துக் கொட்டும். பகலிலோ குளிர் தாங்காமல் ஃபேனுக்கு அடியில் உட்கார முடியாது. மலச்சிக்கல், முடி உதிர்தல் வேறு.

குளிர் என்றதும் மகளிர் மருத்துவர் தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனைகளை எழுதினார்: டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4. டி4 தைராய்டு சுரக்கும் ஹார்மோன்; டி.எஸ்.எச். அதைச் சுரக்கத் தூண்டுவது, தைராய்டு குறைந்தால் இது ஏறும். "முடிக்கு மாத்திரை ஏதாவது எடுக்கிறீங்களா?" என்றும் கேட்டார். நாத்தனார் சொல்லி பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். சில லேப் முறைகளில் அது டி.எஸ்.எச்.சைக் குறைத்துக் காட்டிவிடுமாம். அதை நிறுத்தி, இரண்டு நாள் விட்டு ரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.எச். 14. அது ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டும். டி4 குறைவு, தைராய்டு ஆன்டிபாடியும் பாசிட்டிவ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ என்றார்.

குறைந்த தைராய்டு ஹார்மோனை ஈடுகட்டும் லெவோதைராக்சின் மாத்திரையை 50 மைக்ரோகிராமில் ஆரம்பித்தார். மாத்திரை பெரிய விஷயமில்லை, காபிதான் பெரிய விஷயம். எழுந்ததும் டிகாக்‌ஷன் வாசனை வர வேண்டும் எனக்கு. இப்போது வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, அப்புறம் ஒரு மணி நேரம் காத்திருப்பு. குறைந்தது அரை மணியாவது வேண்டும், காபி மருந்தை உடம்பில் சேரவிடாது. கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி தேவை என்பதால் அதை ராத்திரிக்கு மாற்றினார்.

டி.எஸ்.எச். மெதுவாகத்தான் இறங்கும், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்னால் பார்த்துப் பயனில்லை. அடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு 75 ஆக்கினார். அதற்கடுத்ததில் அளவு சரி. குளிரும் மலச்சிக்கலும் போயின. எடை மட்டும் மூன்று கிலோதான் இறங்கியது.

"டோஸைக் கொஞ்சம் கூட்டுங்களேன், டாக்டர்" என்றேன். கண்டிப்பாக மறுத்துவிட்டார். மாதவிலக்கு நிற்கிற வயதில் இந்த மருந்து அதிகமானால் எலும்பு தேயும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். தைராய்டு குறைவால் ஏறுவதில் பெரும்பகுதி உப்பும் நீரும்தான், பொதுவாக இரண்டிலிருந்து நான்கு கிலோ, அது இறங்கியாயிற்று என்றார். மீதி வயதின் கணக்கு: தசை குறைகிறது, ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையக் குறையக் கொழுப்பு வயிற்றில் சேருகிறது. அதற்கு மாத்திரை கேட்டு என்ன செய்ய?

சோற்றைக் குறைத்து முட்டை, சுண்டல் கூட்டினேன். நடை போதாது, எடை தூக்கணும் என்றதால் டம்பெல்லும் வந்தது. (வீட்டில் கேலிக்குக் குறைவில்லை.) எடை மெஷினில் பெரிதாக மாற்றமில்லை, ஆனால் ஜாக்கெட் பிடிப்பது நின்றுவிட்டது.

மெனோபாஸால் வரும் ராத்திரி வியர்வை இன்னும் இருக்கிறது. அதற்கு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை தொடங்கினால் தைராய்டு டோஸையும் கூட்ட வேண்டி வரலாமாம். இப்போதைக்குத் தாங்க முடிகிறது, அதனால் தொடங்கவில்லை.