கோடைக்கானல் ஓசோன் கணக்கு: இல்லாத சரிவும் மூன்று மலைப் பயணமும்

பத்து வருடத் தரைமட்ட ஓசோன் அளவுகளை வைத்து, கோடைக்கானலில் அது கூடுகிறதா குறைகிறதா என்று கணித மாதிரி போடுவதுதான் என் ஆய்வு வேலை. மாதிரி போட இரண்டு நாள்தான் ஆனது. எண்களைச் சரியாக வாங்கிச் சேர்க்க ஏழு மாதம்.

ஓசோன் கருவி வைத்திருக்கும் மலை அலுவலகத்துக்குத் தரவு கேட்டுப் போன முதல் தடவை, கடிதத்தில் துறைத்தலைவரின் முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கையெழுத்து இருந்தது, முத்திரைதான் இல்லை. வத்தலக்குண்டிலிருந்து நின்றபடியே பஸ்ஸில் ஏறிப் போனவள், மதியமே இறங்கினேன்.

இரண்டாம் தடவை கோப்பு கிடைத்தது. வீட்டில் வந்து திறந்தால் 250, 262, 271 என்று எண்கள். தரைமட்டக் காற்றில் பிபிபி (நூறு கோடியில் எத்தனை பங்கு) கணக்கில் தினமும் இவ்வளவு இருக்கவே முடியாது. அது டாப்சன் அலகு: தரையிலிருந்து வான் உச்சி வரைக்குமான மொத்த ஓசோன். போன் செய்தேன். "ஓசோன்னுதானேம்மா கேட்டீங்க? கொடுத்தாச்சே" என்றார் கிளார்க். அதனால் சொல்கிறேன், கடிதத்தில் வெறுமனே ‘ஓசோன்’ என்று எழுதாதீர்கள். தரைமட்ட ஓசோன், மணிவாரிச் சராசரி, எந்த அலகு, இந்திய நேரமா யுடிசியா (உலகப் பொது நேரம்) என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் அந்த அரை மணிதான் பிறகு பாடாய்ப் படுத்தும்.

சரியான தரவு தபாலில் வந்தது. கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்கும் மான்–கெண்டல் சோதனை, எவ்வளவு வேகத்தில் என்று சொல்லும் சென் சரிவு எல்லாம் ஒரே மாலையில் முடிந்தன. ஓசோன் தெளிவாகக் குறைந்திருந்தது. வழிகாட்டிக்கும் மகிழ்ச்சி. கோடைக்கானலுக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு 2024 மே மாதம் வந்த இ-பாஸைக்கூடக் காரணமாகச் சேர்க்கலாமா என்று பேசினோம். எனக்குத்தான் மனது ஒப்பவில்லை. சரிவு கொஞ்சம் கொஞ்சமாக வரவில்லை, ஒரே மாதத்தில் படி இறங்கின மாதிரி இருந்தது. வண்டிப் புகையில் வரும் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனைத் தின்றுவிடும் என்பதால், வண்டி குறைந்தால் சாலையோரத்தில் ஓசோன் கூடத்தான் வேண்டும்.

அதனால் மூன்றாம் பயணம். கருவி வைத்திருந்த அறையில் பழைய லாக் புக்கைக் கேட்டேன். அட்டை பூஞ்சை பிடித்து, பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. கருவியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் அவராகவே ஸ்கேலை நுழைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். நீல மையில் ஒரே வரி: ‘இன்று முதல் மைக்ரோகிராம். இங்குள்ள அழுத்தத்தில்.’

அங்கேதான் விஷயம். அந்த நாளுக்குப் பிந்தைய எண்களை மைக்ரோகிராமிலிருந்து (ஒரு கன மீட்டர் காற்றில் உள்ள ஓசோனின் எடை) பிபிபிக்கு மாற்ற எல்லோரும் போல 1.96-ஆல் வகுத்திருந்தேன். அது கடல் மட்ட அழுத்தத்துக்கும் 25 டிகிரிக்கும் உள்ள எண். 2,100 மீட்டருக்கு மேலே காற்று மெலிது, குளிர் வேறு. கோடைக்கானலில் அது சுமார் 1.55 தான். உண்மையில் 40 பிபிபி இருந்தால் என் கணக்கில் 32 என்று வரும். நான் பார்த்த ‘சரிவு’ மொத்தமும் அதுதான். திருத்திப் போட்டதும் கோடு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

இன்னும் இரண்டு விஷயம். மலை உச்சியில் இரவிலும் ஓசோன் பெரிதாக இறங்காது. சமவெளி மாதிரி பகலில் ஏறி இரவில் விழவில்லையே என்று கருவிக் கோளாறாக எண்ணி அந்த மணிகளை நீக்கிவிடாதீர்கள். மேல்காற்று இறங்கி வருகிறது, அதைக் குறைக்கப் புகையும் இல்லை. அப்புறம், வானிலை மறுபகுப்பாய்வுத் தரவை (பழைய அளவீடுகளைக் கணினி மாதிரியோடு சேர்த்துக் கட்டம் கட்டமாகத் தருவது) எடுக்கும்போது தரைமட்ட மதிப்பை எடுக்காதீர்கள். அப்படிப்பட்ட தரவான இஆர்ஏ5-இன் ஒரு கட்டம் சுமார் 30 கிலோமீட்டர். கோடைக்கானலும் அடிவாரமும் அதில் ஒன்றாகக் கலந்துவிடும். உங்கள் உயரத்துக்கான அழுத்த மட்டத்தை எடுங்கள்.

இ-பாஸ் பத்தியை எடுத்துவிட்டேன். அந்த நீல மை வரியின் புகைப்படம் பின்னிணைப்பின் முதல் பக்கத்தில் இருக்கிறது.